கணினி உறைந்து நின்றால் முதலில் கோப்புகள், பிறகுதான் பழுது: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கணினி உறைந்து நின்றவுடன் கை தானாகப் பவர் பொத்தானை நோக்கிப் போகும். அதை அழுத்தும் முன் இந்தக் கட்டுரையைக் கைபேசியிலாவது ஒருமுறை படித்துவிடுங்கள்.

நான் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு மேசைக் கணினி அடிக்கடி உறையத் தொடங்கி, ஒருநாள் திறக்கவே மறுத்தது. பிள்ளைகளின் படங்கள், கோயில் சங்கத்தின் கணக்கு, ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும்) அட்டைக்காக என் மாமனார் ஆவணக் காப்பகத்தில் அலைந்து தேடி ஸ்கேன் செய்து வைத்திருந்த, முன்னோர் வந்த கப்பல்களின் பயணிகள் பட்டியல் நகல்கள் எல்லாம் அதில்தான் இருந்தன. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் கொடுத்தோம். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விண்டோஸைப் புதிதாக நிறுவித் திருப்பித் தந்தார்கள். கணினி நன்றாக ஓடியது. கோப்புகள் ஒன்றுகூட இல்லை. பெரும்பகுதியைப் பிறகு மீட்டோம் என்றாலும், அதற்குப் பட்ட பாடு வேறு எந்தக் குடும்பத்துக்கும் வர வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கீழே உள்ள படிகளின் வரிசை முக்கியம். கோப்புகள் பத்திரமாக வெளியே வரும்வரை எந்தப் பழுதையும் சரிசெய்ய முயல வேண்டாம். பழுதான பாகத்தைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்; மாமனாரின் ஸ்கேன் நகல்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

1. உறைந்த அந்த நிமிடத்தில்

முதலில் ஐந்து, பத்து நிமிடங்கள் எதையும் தொடாமல் விட்டுவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் விளக்கு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தால் கணினி ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். விண்டோஸ் புதுப்பிப்பு நடக்கும் நேரத்தில் பழைய கணினிகள் இப்படித்தான் திணறும்.

பிறகு விசைப்பலகையில் கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் கணினி உயிரோடு இருக்கிறது. உறைந்தது ஒரு நிரல் மட்டுமே. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். எந்த நிரல் பதில் தரவில்லை என்று அதில் தெரியும். அதை மட்டும் மூடலாம். திரை மட்டும் இறுகிவிட்டதாகத் தோன்றினால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரைக்கான டிரைவர் மறுபடி தொடங்கும்; திறந்திருக்கும் கோப்புகளுக்கு இதனால் ஆபத்தில்லை.

நீங்கள் சேமிக்காத கடிதமோ கணக்கோ திரையில் தெரிந்துகொண்டிருந்தால், வேறு எதையும் செய்யும் முன் கைபேசியில் திரையைப் படம் எடுத்துவிடுங்கள். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பக்கக் கடிதத்தை மீட்க இதைவிட எளிய வழி கிடையாது.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை, அரை மணி நேரமாக எந்த மாற்றமும் இல்லை என்றால் மட்டும் பவர் பொத்தானைப் பத்து வினாடிகள் அழுத்திப் பிடித்து அணையுங்கள். சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதும் பிளக்கைப் பிடுங்குவதும் வேண்டாம்.

இதற்கு ஒரே விலக்கு: பெட்டிக்குள்ளிருந்து சீரான இடைவெளியில் ‘டக் டக்’ என்று ஒலி வந்தால் காத்திருக்காதீர்கள். உடனே அணைத்துவிடுங்கள், மறுபடி இயக்கிப் பார்க்காதீர்கள். அது ஹார்ட் டிஸ்கின் படிக்கும் முனை தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறும் ஒலி. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தட்டின் மேற்பரப்பு மேலும் சிதையக்கூடும். நேராக ஆறாம் படிக்குப் போங்கள்.

2. எப்போது உறைகிறது என்று குறித்து வையுங்கள்

ஒரு தாளில் தேதி, நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், மின்சாரம் போய் வந்ததா என்ற நான்கையும் எழுதுங்கள். கடைக்காரரிடம் பேசும்போதும், காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும்போதும் இந்தத் தாள் கை கொடுக்கும்.

இயக்கி இருபது, முப்பது நிமிடங்கள் கழித்து உறைந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். குறிப்பிட்ட ஒரு கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் உறைந்தால் ஹார்ட் டிஸ்க். நீலத் திரையோடு, ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். விளையாட்டோ காணொளியோ ஓடும்போது திடீரென அணைந்து மறுபடி தொடங்கினால் மின்வழங்கிப் பெட்டி (பவர் சப்ளை). இவை உறுதியான தீர்ப்புகள் அல்ல. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதற்கு மட்டும் உதவும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று ஆங்கிலத்தில் தட்டினால் நாள்வாரியாக ஒரு வரைபடம் வரும். சிவப்புக் குறி உள்ள நாட்களைச் சொடுக்கினால் அன்று என்ன கெட்டது என்று தெரியும். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைக் கண்டு பலர் பயப்படுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் நின்றது என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. மின்சாரம் போனாலும் அதே பதிவுதான் வரும். நீங்கள் தேட வேண்டியது ‘டிஸ்க்’ என்ற பெயரில் வரும் 7ஆம் எண் பதிவு. தட்டில் கெட்ட பகுதி இருக்கிறது என்று அதற்குப் பொருள்.

3. கோப்புகளை வெளியே எடுங்கள்

மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் இதில் நிதானமாக இருங்கள்.

தேவையானவை இரண்டு. ஒன்று, வெளியே பொருத்தும் ஹார்ட் டிஸ்க். 1 டெராபைட் அளவுள்ளது போதும். மற்றது 8 ஜிகாபைட் அல்லது அதற்கு மேற்பட்ட மெமரி ஸ்டிக். நூறு ராண்டுக்கு முன்பின் கிடைக்கும். இரண்டுக்கும் ஸ்லிப்பை, அதாவது ரசீதை, வாங்கி உடனே படம் எடுத்து வையுங்கள். அந்த வழவழப்பான தாளில் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். உத்தரவாதம் கேட்கப் போகும்போது கையில் வெள்ளைத் தாள்தான் இருக்கும்.

கணினி இன்னும் திறக்கிறது என்றால், முழு டிரைவையும் ஒரே இழுப்பில் நகலெடுக்காதீர்கள். நடுவில் ஒரு கெட்ட கோப்பு வந்தால் மொத்தமும் நின்றுபோகும். திரும்பக் கிடைக்காதவற்றை முதலில் எடுங்கள்: குடும்பப் படங்கள், பெரியவர்களின் குரல் பதிவுகள், ஸ்கேன் செய்த பழைய ஆவணங்கள், நீங்களே எழுதியவை. அலைச்சலோடு திரும்பக் கிடைப்பவை அடுத்து. முழுப் பிறப்புச் சான்றிதழை உள்துறை அலுவலகத்தில் மறுபடி கேட்கலாம், ஆனால் மாதக்கணக்கில் ஆகலாம். வரி ஆவணங்களையும் இந்த வரிசையில் வையுங்கள். இங்குள்ள வரித்துறையான சார்ஸ் அமைப்பு ஐந்து ஆண்டுகளுக்கு ஆதாரங்களை வைத்திருக்கச் சொல்கிறது. தாக்கல் செய்த படிவங்கள் சார்ஸின் இணையச் சேவையான இ-ஃபைலிங் கணக்கில் இருக்கும், உங்கள் ரசீதுகள் அங்கே இருக்காது. திரைப்படங்களும் நிரல்களும் கடைசி. அவை போனாலும் பரவாயில்லை.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் எடுத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். அவுட்லுக் பயன்படுத்துபவர்களின் மின்னஞ்சல் தனிக் கோப்பில் இருக்கும். பெரும்பாலும் டாக்குமென்ட்ஸுக்குள் ‘அவுட்லுக் ஃபைல்ஸ்’ என்ற பெயரில் கிடைக்கும். உலாவியில் சேமித்த முகவரிகளையும் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். வீட்டில் வேறு யாருக்காவது தனிப் பயனர் கணக்கு இருந்தால் அவர்களுடைய கோப்புறைகள் வேறு இடத்தில் இருக்கும்.

நம்மவர்களுக்கு மட்டும் ஒரு தனி எச்சரிக்கை. ‘பாமினி’ போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ் ஆவணங்களை வேறு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று எண்ணி அழித்துவிடாதீர்கள். எழுத்துரு இல்லாததுதான் காரணம். விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘ஃபான்ட்ஸ்’ கோப்புறையையும் சேர்த்து நகலெடுத்துவிட்டால், புதிய கணினியில் அந்த எழுத்துருவை நிறுவியதும் தமிழ் திரும்ப வந்துவிடும். எங்கள் சங்கத்தின் பத்தாண்டுக் கூட்டக் குறிப்புகள் இப்படித்தான் பிழைத்தன.

நேரக் கணக்கு: நல்ல நிலையில் உள்ள டிஸ்கிலிருந்து நீல நிற யுஎஸ்பி துளை வழியாக 100 ஜிகாபைட் எடுக்க அரை மணி நேரம் போதும். பழைய, கறுப்பு நிறத் துளை என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேல். கெட்ட டிஸ்க் என்றால் ஓர் இரவு முழுவதும் ஆகலாம். மின்வெட்டு நேரம் சொல்லும் செயலியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நகல் ஓடிக்கொண்டிருக்கும்போதோ முடிந்தவுடனோ கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலை வெளி டிஸ்கிலிருந்தே இயக்கிப் பாருங்கள். டிஸ்க் தன்னைப் பற்றிப் பதிந்து வைத்திருக்கும் உடல்நலக் குறிப்பை அது காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் ஆபத்து. பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். மூன்றும் பூஜ்யமாக இருந்தால் நல்லது. சி5 என்பது படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. அது நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க் அதிக நாள் தாங்காது. ஆனால் நீலம் காட்டுகிறது என்பதற்காக முழு நம்பிக்கை வைக்க வேண்டாம். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நின்றுபோகும் டிஸ்குகளும் உண்டு.

4. விண்டோஸ் திறக்கவே இல்லை என்றால்

திறக்காத விண்டோஸுக்குள் உங்கள் கோப்புகள் அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம். விண்டோஸைத் தொடாமல் வேறொரு வழியில் உள்ளே போக வேண்டும்.

நண்பர் ஒருவரின் கணினியில், விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டை இறக்கி, ரூஃபஸ் என்ற இலவச நிரல் மூலம் மெமரி ஸ்டிக்கில் ஏற்றுங்கள். இறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜிகாபைட் இருக்கும். கைபேசி டேட்டாவில் இறக்கிப் பணத்தைக் கரைக்காதீர்கள், ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டுக்குப் போங்கள். ஸ்டிக்கைச் செருகிவிட்டு, இயக்கியவுடன் துவக்கப் பட்டியலுக்கான விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்தால் சில நிமிடங்களில் ஒரு முழுத் திரை வரும்.

அந்தத் திரையில் ‘இன்ஸ்டால்’ என்று ஒரு படம் இருக்கும். அதைத் தொடவே வேண்டாம். தொட்டு, கேள்விகளுக்கு ஆமாம் ஆமாம் என்று போனால் உங்கள் டிஸ்க் துடைக்கப்பட்டுவிடும். கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கத்தில் உங்கள் விண்டோஸ் டிரைவ் தெரியும். ‘யூசர்ஸ்’ கோப்புறைக்குள் போய், மூன்றாம் படியில் சொன்ன அதே வரிசையில் வெளி டிஸ்குக்கு நகலெடுங்கள். எழுத முடியாது, படிக்க மட்டுமே முடியும் என்று செய்தி வந்தால் கவலை வேண்டாம். நமக்குப் படித்தால் போதும்.

டிரைவைச் சொடுக்கியதும் கடவுச்சாவி கேட்டால் அது பிட்லாக்கர் என்ற விண்டோஸின் டிஸ்க் பூட்டு. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் உரிமையாளருக்குத் தெரியாமலேயே இது பூட்டப்பட்டிருக்கும். 48 இலக்கச் சாவி இல்லாமல் யாராலும், எந்தப் பரிசோதனைக்கூடத்தாலும், அதைத் திறக்க முடியாது. கணினியை முதன்முதலில் அமைத்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்தீர்களோ, அதில் கைபேசி வழியாக நுழைந்தால் உங்கள் கருவியின் பக்கத்தில் அந்தச் சாவி இருக்கும். இந்தியாவில் வாங்கி இங்கே கொண்டுவந்த கணினி என்றால் அந்தக் கணக்கு பழைய இந்தியக் கைபேசி எண்ணோடு கட்டப்பட்டிருக்கலாம். அந்த எண் செயலிழக்கும் முன்பே கணக்கில் இங்குள்ள எண்ணைச் சேர்த்துவிடுங்கள். சாவியையும் ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்தில் வையுங்கள். இன்றைக்கே செய்யக்கூடிய வேலை இது, பத்து நிமிடங்கள்கூட ஆகாது.

இந்தக் கட்டத்தில் வரும் மூன்று பொறிகள்:

விண்டோஸ் தொடங்கும்போது தானாகவே டிஸ்கைச் சரிபார்க்கத் தொடங்கலாம். தவிர்க்க ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லிச் சில வினாடிகள் தரும். டிஸ்க் மீது சந்தேகம் இருந்தால் அழுத்தித் தவிர்த்துவிடுங்கள். செக் டிஸ்க் என்பது கோப்பமைப்பை ஒழுங்குபடுத்தும் கருவி. உங்கள் கோப்புகளைக் காப்பது அதன் வேலை அல்ல. சாகும் தறுவாயில் உள்ள டிஸ்கை அது மணிக்கணக்கில் ஓடவைத்து முடித்தே விடும்.

டிஸ்கை வேறு கணினியில் பொருத்தினால் ‘பயன்படுத்தும் முன் ஃபார்மேட் செய்ய வேண்டும்’ என்று விண்டோஸ் கேட்கும். எப்போதும் ‘கேன்சல்’.

‘ரீசெட் திஸ் பிசி’ என்ற வழியில் ‘என் கோப்புகளை வைத்துக்கொள்’ என்று ஒரு தேர்வு இருக்கும். பெயரை நம்பி, நகல் எடுக்காமல் அதில் இறங்காதீர்கள். டிஸ்க் கெட்டிருந்தால் பாதியில் நின்றுவிடும். அப்போது விண்டோஸும் இல்லை, கோப்புகளும் இல்லை.

5. கோப்பு ஏற்கெனவே அழிந்துவிட்டது என்றால்

கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது, அவ்வளவுதான். புதிதாக ஏதாவது அந்த இடத்தில் எழுதப்படும்வரை பழையது அங்கேயே இருக்கும். மீட்பு நிரலை அதே டிஸ்கில் இறக்கி நிறுவுவதுகூடப் பழையதன் மேல் எழுதுவதுதான்.

இதிலும் மலிவான வழிகளை முதலில் பாருங்கள். கைபேசியில் ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் கணக்குகளைத் திறந்து தேடுங்கள். விண்டோஸ் பல கணினிகளில் டெஸ்க்டாப்பையும் டாக்குமென்ட்ஸையும் ஒன்டிரைவில் தானாகச் சேர்த்துவிடுகிறது. இருப்பது தெரியாமலேயே பலர் அழுதிருக்கிறார்கள். இரண்டின் குப்பைத்தொட்டியும் 30 நாட்கள் வரை வைத்திருக்கும். வேர்ட் ஆவணம் சேமிக்காமல் போயிருந்தால், வேர்டைத் திறந்து ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமென்ட் என்று போனால் சேமிக்காத ஆவணங்களை மீட்கும் வழி இருக்கும். வழக்கமான அமைப்பில் 10 நிமிடங்களுக்கு ஒருமுறை அது தனக்கென ஒரு நகல் வைத்துக்கொள்கிறது.

இவை கை கொடுக்காவிட்டால் ரெக்குவா, ஃபோட்டோரெக் ஆகிய இலவச நிரல்கள் உண்டு. அண்மையில் அழித்தவற்றுக்கு ரெக்குவா எளிது. எங்களுக்கு நடந்ததுபோல விண்டோஸையே மறுபடி நிறுவிவிட்டால் ஃபோட்டோரெக்தான் வழி. அது கோப்பமைப்பை நம்பாமல், டிஸ்க் முழுவதையும் துழாவி, படம் எது, ஆவணம் எது என்று உள்ளடக்கத்தை வைத்தே கண்டுபிடிக்கும். விலையாக, கோப்புகளின் பெயர்களும் கோப்புறைகளும் போய்விடும். எண்களைப் பெயராகக் கொண்ட ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து விழும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பெயரிட மாலை நேரங்கள் பல போயின; மாமனார் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படத்திலும் இருப்பவர் யார் என்று சொல்ல, என் மனைவி எழுதினாள். மீட்ட கோப்புகளை எப்போதும் வேறு டிஸ்கிலேயே சேமியுங்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்னது சுழலும் ஹார்ட் டிஸ்குக்கே பொருந்தும். சுழலும் தட்டு இல்லாத புதிய வகை டிஸ்கான எஸ்எஸ்டியில் விண்டோஸ் ‘டிரிம்’ என்ற கட்டளையை அனுப்புவதால், அழித்த கோப்பு இருந்த இடத்தை எஸ்எஸ்டி விரைவிலேயே உண்மையாகத் துடைத்துவிடும். அதற்குப் பிறகு எந்த நிரலாலும் மீட்க முடியாது. அதனால் மீட்பு நிரலுக்குப் பணம் கட்டும் முன், உங்களிடம் இருப்பது எது என்று டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

6. கடைக்கோ பரிசோதனைக்கூடத்துக்கோ போவதற்கு முன்

கணினியை மேசையில் வைத்துவிட்டுப் பெயரும் எண்ணும் கொடுத்துத் திரும்பாதீர்கள். ஜாப் கார்டு எனப்படும் வேலைச் சீட்டில் உங்கள் கண் முன்னே இந்த வரி எழுதப்பட வேண்டும்: ‘என் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஃபார்மேட் செய்யவோ விண்டோஸை மறுபடி நிறுவவோ கூடாது.’ ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். டிஸ்கின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லி, சீட்டைப் படம் எடுங்கள். இதற்கு மறுக்கும் கடை உங்களுக்கு வேண்டாம்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் பெறாமல் பழுதுக்கு அவர்கள் பணம் கேட்க முடியாது. மதிப்பீடு போடுவதற்கே கட்டணம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கழற்றிய பழைய பாகங்களை, நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலொழிய, திருப்பித் தர வேண்டும். ஆகவே மாற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கேட்டு வாங்குங்கள். பழுதுபார்த்தபோது பொருத்திய பாகங்களுக்கு குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. புதிதாக வாங்கிய பொருளில் குறைபாடு இருந்தால் 6 மாதத்துக்குள் பழுதுநீக்கமா, மாற்றா, பணமா என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பேசித் தீரவில்லை என்றால் நுகர்பொருள், சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம். ஸ்லிப், ஜாப் கார்டு, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் வைத்திருங்கள்.

உத்தரவாதத்தில் டிஸ்கை மாற்றிக்கொள்ளும்போது பழையது தயாரிப்பாளரிடம் போய்விடும் என்பதை மறக்காதீர்கள். உத்தரவாதம் பொருளுக்கு மட்டும். உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு அல்ல.

‘டக் டக்’ ஒலி வரும் டிஸ்கைச் சாதாரணக் கடைக்கே கொண்டுபோக வேண்டாம். டர்பன், ஜோகன்னஸ்பர்க், கேப்டவுன் நகரங்களில் தரவு மீட்புக்கென்றே இயங்கும் கூடங்கள் உள்ளன. தட்டைத் தூசியில்லாத அறையில்தான் திறக்க வேண்டும். சில ஆயிரம் ராண்டில் தொடங்கி, திறக்கும் வேலையானால் பத்தாயிரத்தைத் தாண்டும். ஒன்று முதல் மூன்று வாரம் வரை ஆகலாம், அவசரம் என்றால் கட்டணம் கூடும். கோப்பு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா, கிடைத்த கோப்புகளின் பட்டியலைப் பணம் கட்டும் முன் காட்டுவார்களா என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேளுங்கள். டிஸ்கைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் சரியாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் படிந்து இருக்கும் வாய்ப்பும் போய்விடும்.

7. இப்போது பழுது

கோப்புகள் வெளியே வந்துவிட்டன. இனிப் பயமில்லாமல் கை வைக்கலாம்.

தூசியிலிருந்து தொடங்குங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பக்கவாட்டு மூடியைத் திறந்து, காற்று டப்பாவால் ஊதுங்கள். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் தூசியோடு உப்பு ஈரமும் சேர்ந்து ரேமின் தொடுமுனைகளைக் கறுக்க வைக்கும். ரேமைக் கழற்றி, தொடுமுனைகளை உலர்ந்த மென்துணியால் துடைத்து, ‘க்ளிக்’ என்று ஒலி வரும்வரை மறுபடி அழுத்திச் செருகுங்கள். ஹார்ட் டிஸ்கின் சாட்டா கேபிளையும் கழற்றி மாட்டுங்கள். ஐம்பது, நூறு ராண்டு கேபிளை மாற்றியதோடு தீர்ந்த உறைவுகள் நிறைய.

ரேமைச் சோதிக்க விண்டோஸிலேயே ‘மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. அது நலம் என்று சொல்லியும் நீலத் திரை தொடர்ந்தால் மெம்டெஸ்ட்86 என்ற நிரலை மெமரி ஸ்டிக்கிலிருந்து இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை மாற்றத்தான் வேண்டும்.

டிஸ்க் மஞ்சள் காட்டியிருந்தால் சரிசெய்ய முயலாதீர்கள், மாற்றுங்கள். பழைய கணினிக்கும் 500 ஜிகாபைட் அளவிலான ஒரு எஸ்எஸ்டி போட்டால் ஓட்டம் அடியோடு மாறும். விலை நாளுக்கு நாள் ஏறி இறங்குவதால் மூன்று கடைகளில் கேட்டுவிட்டு வாங்குங்கள். விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. மறுபடி நிறுவுவதானால், உங்கள் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்குமா என்று அப்போதே பார்த்துவிடுங்கள்.

8. மின்சாரத்தைக் கட்டுப்படுத்துங்கள்

2022, 2023 ஆண்டுகளில் அனுபவித்த அளவுக்கு லோட் ஷெடிங் எனப்படும் முறைவைத்த மின்வெட்டு இப்போது இல்லை. ஆனாலும் கேபிள் திருட்டு, துணைமின்நிலையக் கோளாறு, மழைக்கால மின்னல் என்று மின்சாரம் போய் வருவது நிற்கவில்லை. போகும்போது சேமிக்காத வேலை போகும். திரும்பி வரும்போது எழும் மின்னழுத்த அலைதான் மின்வழங்கிப் பெட்டியையும் டிஸ்கையும் அடிக்கிறது. மின்சாரம் போனவுடன் சுவர் சுவிட்சை அணைத்துவிடுங்கள். வந்த பிறகு பத்து நிமிடம் பொறுத்து இயக்குங்கள்.

இந்தியாவிலும் இங்கும் மின்னழுத்தம் ஒன்றுதான், 230 வோல்ட். பிளக்தான் வேறு. ஊரிலிருந்து கொண்டுவந்த மலிவான மாற்றுச் செருகிகள் பலவற்றில் எர்த் முனை வெறும் பேருக்குத்தான் இருக்கும். எர்த் இல்லாமல் எந்த அலைத் தடுப்பானும் சரியாக வேலை செய்யாது. ஐம்பது, அறுபது ராண்டுக்கு இங்குள்ள மூன்று உருண்டை முனைக் கம்பியை வாங்கிவிடுங்கள்.

மல்டிபிளக் எல்லாமே அலைத் தடுப்பான் அல்ல. அட்டையில் ‘சர்ஜ்’ என்று எழுதியிருக்க வேண்டும். அதுவும் அடி வாங்கித் தேயும். பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் புதிதாக வாங்குங்கள், மின்சாரம் வந்துகொண்டிருந்தாலும். ஜோகன்னஸ்பர்க் பக்கம் வசிப்பவர்கள் கோடைக்கால மாலை இடிமழைக்கு முன் பிளக்கோடு ரவுட்டரிலிருந்து வரும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றுங்கள்; மின்னல் அந்த வழியாகவும் வரும்.

மேசைக் கணினி வைத்திருப்பவர்களுக்கு யுபிஎஸ் அவசியம் என்பது என் முடிவு. 650 விஏ அளவுள்ளது ஆயிரம் ராண்டைச் சுற்றி இருக்கும். அது வேலையைத் தொடர்வதற்கு அல்ல, சேமித்து மூடுவதற்கான சில நிமிடங்களைத் தருவதற்கு. யுஎஸ்பி கேபிளால் கணினியோடு இணைத்தால், நீங்கள் வீட்டில் இல்லாதபோதும் கணினி தானாக மூடிக்கொள்ளும்படி அமைக்கலாம். உள்ளே இருக்கும் ஈய பேட்டரி சில ஆண்டுகளே உழைக்கும், அடிக்கடி காலியானால் அதற்கும் குறைவு. லேசர் பிரின்டரை யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள்.

அலையால் சேதம் என்றால் வீட்டுக் காப்பீட்டில் கேட்டுப் பாருங்கள். சில திட்டங்களில் அது தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவு. பெரும்பாலும் தொழில்நுட்பரின் சேத அறிக்கை, ஸ்லிப், தேதி, நேரம் கேட்பார்கள். அறிக்கை கையில் வரும்வரை கெட்ட பாகத்தைத் தூக்கி எறியாதீர்கள்.

9. காப்பு நகல்

கணினியில் ஒன்று, வெளி டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளி டிஸ்கை நகலெடுக்கும் நேரம் தவிர மற்ற நேரங்களில் கழற்றியே வையுங்கள். மாட்டியே இருந்தால் மின் அலையும் வைரஸும் இரண்டையும் சேர்த்துக் கெடுக்கும். வீட்டுக்கு வெளியே என்பது கூகுளின் 15 ஜிகாபைட் இலவச இடமாகவும் இருக்கலாம், இன்னொரு வட்டாரத்தில் இருக்கும் அக்காவின் அலமாரியாகவும் இருக்கலாம். திருட்டுக்கும் வெள்ளத்துக்கும் நெருப்புக்கும் அதுதான் பதில்.

மாதம் ஒருமுறை, சம்பள நாளோடு சேர்த்து நகலெடுங்கள். எடுத்ததும் வெளி டிஸ்கிலிருந்து ஒரு படத்தையும் ஒரு ஆவணத்தையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். தமிழ் ஆவணமாக இருந்தால் எழுத்து சரியாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள்.